எத்தனையாவது தலைமுறை?

சுவிஸ் போய் வந்த பிறகு கம்பஸில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "ஸ்னோ பாத்தனியோ?" நான் போனது செப்ரெம்பர் மாதம். பனி இருந்தது உண்மை, ஆனால் எட்டாத தூரத்தில், மலை உச்சியில். "அப்ப என்னத்தைப் பாத்தனீ?" என்று அடுத்த கேள்வி வரும். "முந்திரிகைத் தோட்டம்" என்பேன். மலையகத்துத் தோழி ஒருத்தி, "முந்திரிப்பருப்பா?" என்று கேட்டாள். யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் கிரேப்ஸ், கஜு வேறு சாமான் என்று அவளுக்கு விளங்கப்படுத்தவே ஐந்து நிமிசம் போனது. "முந்திரிகைத் தோட்டம் பாக்கிறதுக்கு ஏன் சுவிஸ்? எங்கட வீட்டுப் பந்தலில இல்லாததோ?" என்று இன்னொருத்தி கேட்டாள். கேள்வி நியாயம்தான். யாழ்ப்பாணத்தில் 'இஸ்ரேல் புளூ' முந்திரிகைப் பந்தல் இல்லாத ஒழுங்கை குறைவு.

வைன் செய்கிற ஊருக்கு விடுமுறையில் போனதைப் பற்றி ஒரு பொம்பிளைப் பிள்ளை எழுதினால் என்ன கொமென்ட் வரும் என்பதும் தெரியும். பரவாயில்லை, எழுதுகிறேன். வைனைவிட எனக்குப் பெரிதாகப் பட்ட ஒரு விசயம் அங்கே இருந்தது.

முதலில் எப்படிப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் காசுள்ள வீட்டுப் பிள்ளை என்று நினைப்பீர்கள். லவுசான் நகரத்தில் என் சித்தியும் சித்தப்பாவும் இருக்கிறார்கள். ரிக்கற் சித்தியின் காசு. சித்தப்பா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே போனவர். போன நாளிலிருந்து ரெஸ்ரோரன்ற் குசினியில்தான் வேலை. முதலில் கோப்பை கழுவினார், இப்போது சமையல். சுவிஸில் இருக்கும் எங்கள் ஆட்களில் அந்தத் தலைமுறை ஆம்பிளைகள் அரைவாசிப் பேரின் கதை இதுதான். மூன்று கிழமை லீவில் அவருக்குக் கிடைத்த ஒரேயொரு முழுநாள் ஓய்வில், "வா பிள்ளை, உனக்கு ஒரு இடம் காட்டுறன்" என்று கூட்டிக்கொண்டு போன இடம்தான் லாவோ.

லவுசானிலிருந்து மொந்த்ரே பக்கமாகப் போகும் ரெயினில் ஏறினால் பத்து நிமிசத்திலேயே தொடங்கிவிடும். ஒரு பக்கம் லெமன் ஏரி. நாங்கள் பாடசாலையில் ஜெனீவா ஏரி என்று படித்தது. ஏரிக்கு அந்தக் கரை பிரான்ஸ், அங்கே ஆல்ப்ஸ் மலை. மற்றப் பக்கம் தண்ணீர் விளிம்பிலிருந்து வானம் வரைக்கும் படிப்படியாக முந்திரிகை. லவுசானின் கிழக்கு எல்லையிலிருந்து ஷியோன் கோட்டைப் பக்கம் வரை, ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு இப்படித்தான். கொடி நிற்கும் நிலம் மட்டும் 800 ஹெக்ரெயர் அளவு. ஒவ்வொரு படியையும் ஒரு கல் மதில் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அந்த மதில்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் 400 கிலோமீற்றரையும் தாண்டுமாம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஒரு மதில் கட்டிவிட்டு மிச்சக் கல்லைத் திருப்பிக் கொண்டு வரலாம்.

நாங்கள் சென்-சஃபொரின் என்ற சின்ன ஊரில் இறங்கி, ரிவாஸ், எப்பேஸ் ஊர்களைத் தாண்டி குய்யி வரைக்கும் நடந்தோம். தோட்டங்களுக்கு நடுவால் ஒடுக்கமான பாதை. தனியார் காணிதான், ஆனாலும் யாரும் மறிக்கவில்லை. இடைக்கிடை பலகைகள் இருக்கின்றன. இந்தக் கொடி என்ன இனம், இந்த மண் எப்படிப்பட்டது, மதிலை எப்படிக் கட்டுகிறார்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். சித்தப்பா ஒவ்வொன்றாக வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். குசினிப் பிரெஞ்சு என்று அவரே பகிடி விடுவார், ஆனால் நன்றாகவே வாசிக்கிறார்.

புவியியல் படிக்கிற எனக்கு அந்த இடம் ஒரு பாடப்புத்தகம். சரிவு தெற்கைப் பார்த்து இருக்கிறது. அந்த ஊர்க்காரர் தங்களுக்கு மூன்று சூரியன் என்று சொல்வார்களாம். ஒன்று வானத்துச் சூரியன். இரண்டாவது, ஏரித் தண்ணீரில் பட்டுத் தெறித்து மேலே வரும் வெளிச்சம். மூன்றாவது, பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு இரவில் மெதுவாக விடுகிற கல் மதில். பின்னேரம் ஒரு மதிலில் கை வைத்துப் பார்த்தேன். உண்மையாகவே சுட்டது. குளிர் நாட்டில் ஒரு முந்திரிகைக் குலை பழுக்கிறதுக்கு இவ்வளவு ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டைத் தொடங்கினவர்கள் மடாலயத்துத் துறவிகள். 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளில் இந்தக் காணிகள் பெனடிக்ற், சிஸ்ரேர்சியன் சபைகளின் கையில் இருந்தன. அப்போது வெட்டத் தொடங்கிய படிகள்தான் இன்று வரை வளர்ந்து நிற்கின்றன. இங்கே பெரும்பாலும் ஷஸ்லா என்ற வெள்ளை முந்திரிகை. சரிவு செங்குத்தாக இருப்பதால் பெரிய மெசின் ஒன்றும் ஏறாது. கையால் வெட்டி, பெட்டியில் போட்டு, ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ஒரு சின்ன வண்டியில் இறக்குகிறார்கள். நாங்கள் போன கிழமை அறுவடை தொடங்கியிருந்தது. ஒவ்வொரு படியிலும் குனிந்தபடி ஆட்கள்.

இவ்வளவு வடிவான ஏரிக்கரையில் ஏன் இன்னும் ஹொட்டேலும் மாடிவீடும் எழும்பவில்லை என்று சித்தப்பாவிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பிறகு வீட்டில் இருந்து தேடி வாசித்தேன். எழும்பத்தான் பார்த்தன. பிரான்ஸ் வெபர் என்ற சூழலியலாளர் "லாவோவைக் காப்பாற்றுவோம்" என்று இயக்கம் நடத்தி, 1977இல் அந்த மாநிலத்து மக்கள் வாக்கெடுப்பில் வென்று, லாவோவின் பாதுகாப்பை மாநில அரசியலமைப்புக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார். 2007இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமை என்று அறிவித்தது. அதாவது அந்த வடிவு தானாக மிஞ்சினது இல்லை. ஆட்கள் சண்டை பிடித்து, வாக்குப் போட்டு மிச்சம் பிடித்தது.

இவ்வளவும் யார் போனாலும் பார்க்கக்கூடியது. எனக்கென்று நடந்தது குய்யிக்குக் கிட்ட ஒரு நிலவறையில்.

சித்தப்பாவின் ரெஸ்ரோரன்றுக்கு வைன் கொடுக்கும் ஒரு கிழவர் அங்கே இருக்கிறார். அறுவடை நேரம் என்றாலும் எங்களைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டார். கல்லால் கட்டின அறை, குளிர், புளித்த மணம். ஒரு கணம் எனக்கு எங்கள் ஊர்த் தவறணைப் பின்பக்கம் ஞாபகம் வந்தது. நொதிக்கிற மணத்துக்கு நாடு கிடையாது போல.

கிழவர் ஒரு சின்னக் கிளாசில் கொஞ்சம் வைன் ஊற்றி, முதலில் தான் குடித்தார். பிறகு அதே கிளாசில் ஊற்றிச் சித்தப்பாவிடம் நீட்டினார். சித்தப்பாவும் சாதாரணமாக வாங்கிக் குடித்தார். நிலவறைக்கு வந்த ஆளோடு ஒரே கிளாசில் குடிக்கிறது அந்தப் பக்கத்துப் பழைய பழக்கமாம். எனக்கு வைன் வேண்டாம் என்றதும், அன்றைக்குப் பிழிந்த முந்திரிகைச் சாறு தந்தார். இன்னும் நொதிக்காதது. கலங்கலாக, தொண்டையில் ஒட்டுகிற இனிப்பு. ஒரு மிடறு குடித்ததுமே "கருப்பநீர் மாதிரி இருக்கு" என்று வாய்தவறிச் சொன்னேன். சுண்ணாம்பு பூசின முட்டியில் இறக்குகிற பனஞ்சாறு, கள்ளாக மாறாமல் நிற்கிற அந்த இனிப்பு, அதே சாயல்.

கிழவர் "என்ன சொல்லுறா?" என்று கேட்டிருக்க வேண்டும். சித்தப்பா ஏதோ சமாளித்தார். கிழவர் தன் போத்தல் லேபிளைக் காட்டினார். குடும்பப் பெயர் பெரிதாக, அதுக்குக் கீழே சின்ன எழுத்தில், பதினோராவது தலைமுறை. சுவரில் அவருடைய அப்பா, பாட்டன் படங்கள். எல்லாரும் முதுகில் கூடையோடு, சேறு பிடித்த சப்பாத்தோடு நின்றார்கள். வேலை செய்கிற உடுப்போடு நிற்கும் படத்தைத்தான் அவர்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். சித்தப்பா மொழிபெயர்த்தார்: "உங்கட ஆக்கள் என்ன தொழில் செய்தவையெண்டு கேக்கிறார்."

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த யாருக்கும் இந்தக் கேள்வியின் எடை தெரியும். எங்கள் ஊரில் யாரும் நேராகக் கேட்பதில்லை. "ஊரில எந்தப் பக்கம்?" என்று தொடங்குவார்கள். "கோயிலடியோ, தவறணையடியோ?" "அப்ப இன்னாரைத் தெரியுமோ?" "பேத்தியாரின்ர ஊர் எது?" நாலு கேள்வியில் ஆளை எங்கே வைப்பது என்று கணக்குப் போட்டு முடித்துவிடுவார்கள். கம்பஸ் வந்த முதல் கிழமையிலேயே, விடுதி அறையில், சிரித்த முகத்தோடு அந்த நாலு கேள்வியும் என்னிடம் கேட்கப்பட்டது. எங்களுக்குத் தலைமுறை என்பது எண்ணிச் சொல்வதற்கில்லை, மூடி வைப்பதற்கு.

நான் சொன்னேன்: "அம்மப்பா கள்ளுச் சீவினவர். அவற்ர அப்பாவும்."

சித்தப்பா என்னை ஒருக்கால் பார்த்தார். அவரும் அதே ஊர், அதே பக்கம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். பிரெஞ்சில் அதுக்குச் சொல் இல்லைப் போல, எழும்பி நின்று இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி, காலில் தளைநார் போட்டு எத்தி ஏறுகிற மாதிரிச் செய்து காட்டினார். கிழவரின் கண் விரிந்தது. கேள்விக்கு மேல் கேள்வி. எவ்வளவு உயரம்? ஐம்பது, அறுபது அடி. கயிறு கட்டி ஏறுவார்களா? இல்லை, காலில் மட்டும் ஒரு நார் வளையம். எத்தனை தரம்? காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, ஒவ்வொரு நாளும். எத்தனை மரம்? இருபதுக்கு மேல். கத்தி எப்படி இருக்கும்? எதில் தீட்டுவார்கள்? பாளையைத் தட்டுகிறது ஏன்? சாறு எத்தனை மணித்தியாலத்தில் புளிக்கும்? என்ன போட்டு நொதிக்க வைப்பீர்கள்? ஒன்றும் போடுவதில்லை, காற்றிலும் முட்டியிலும் இருக்கிறதே போதும் என்று சித்தப்பா சொன்னபோது கிழவர் தொடையில் தட்டிச் சிரித்தார். ஒரு தொழிற்காரன் இன்னொரு தொழிற்காரனிடம் கேட்கிற கேள்விகள் அவை.

கடைசியாக, "எத்தனையாவது தலைமுறை?" என்று கேட்டார்.

சித்தப்பா தமிழில் என்னைக் கேட்டார், நான் அவரைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. யாரும் எண்ணி வைக்கவில்லை.

திரும்பி வரும்போது ரெயினில் சித்தப்பா கனநேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "முப்பது வருசமா இஞ்ச இருக்கிறன். எங்கட சனத்தோட கோயில், கலியாணம், செத்தவீடு எண்டு எல்லாத்துக்கும் போறன். ஒரு நாளும் ஆரிட்டயும் வாய் திறந்து சொன்னதில்லை. இண்டைக்குத்தான் சொன்னனான். அதுவும் பிரெஞ்சில."

அம்மப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பத்து வயதாக இருக்கும்போது அவர் போய்விட்டார். நெஞ்சில் மரம் உரசி உரசிக் காய்த்துப்போன இரண்டு தழும்பு, உள்ளங்கால் பலகை மாதிரி. பனைக்காலம் முடிந்தால் தென்னைக்கு மாறுவார். பின்னேரங்களில் கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டால் யாரும் அவரோடு பேசக்கூடாது, அது பூசை மாதிரி. எங்களுக்குக் கருப்பநீர் கொண்டு வந்து பனையோலைப் பிளாவில் ஊற்றித் தருவார். மிச்சத்தை அம்மம்மா காய்ச்சிக் குட்டானில் பனங்கட்டி ஊற்றுவா. ஒரு பாளையைப் பார்த்தே இது எத்தனை நாளைக்குச் சுரக்கும் என்று சொல்லுவாராம். இதை இன்று யாராவது ஆராய்ச்சி என்று எழுதினால் பட்டம் கொடுப்பார்கள்.

ஆனால் அவர் வாழ்ந்த உலகம் என்ன? அவர் இறக்கின கள்ளைக் குடிக்கலாம், அவருடைய வளவுக் கிணற்றில் தண்ணீர் குடிக்கக்கூடாது. தேத்தண்ணிக் கடையில் அவருக்குக் கிளாஸ் இல்லை, சிரட்டை. பிறகு தனிக் கிளாஸ். கோயிலுக்குள்ளே போக விடவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நடந்தது எங்கள் வயதுக்காரர் பலருக்கு வெறும் ஒரு வரிச் செய்தி. அம்மப்பாவுக்கு அது அவருடைய இளமைக்காலம். அந்த நிலவறையில் ஒரே கிளாசில் இரண்டு பேர் குடித்ததை நான் ஏன் கண் வெட்டாமல் பார்த்தேன் என்று இப்போது விளங்கியிருக்கும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பனை எங்களுடைய அடையாளம். போஸ்ரரில் பனை, ரீசேர்ட்டில் பனை, புலம்பெயர்ந்த சங்கங்களின் இலச்சினையில் பனை, கவியரங்கில் கற்பகதரு. ஆனால் அந்தப் படங்கள் எதிலாவது மரத்தில் ஒரு ஆள் இருக்கிறாரா? மரத்தை எடுத்துக்கொண்டோம், ஏறினவரை அழித்துவிட்டோம். லாவோவின் பலகைகளில் கொடியும் மண்ணும் மட்டுமில்லை, ஆட்களும் இருக்கிறார்கள்.

இதில் சுவிஸ்காரர் எல்லாரும் நல்லவர், நாங்கள் எல்லாரும் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைக்குப் படிகளில் குனிந்து நின்ற ஆட்களில் பலர் வேறு நாடுகளிலிருந்து அறுவடைக்கு மட்டும் வந்த கூலிகள். அவர்களுடைய பெயர் எந்த லேபிளிலும் இல்லை. பதினோரு தலைமுறை என்பது காணி சொந்தமாக இருந்தவனால் எண்ணக்கூடிய கணக்கு. அம்மப்பா ஏறின மரங்களில் ஒன்றுகூட அவருடையது இல்லை. காணி இல்லாதவனுக்குத் தலைமுறை எண்ணிக்கை எங்கே எழுதி வைப்பது?

இந்த இடத்தில்தான் லாவோவுக்குப் பக்கத்து நகரமான வெவே எனக்கு ஒரு பதில் வைத்திருந்தது. அங்கே 'வைன் விவசாயிகளின் திருவிழா' என்று ஒன்று நடக்கிறது. முதல் விழா 1797இல். ஒரு நூற்றாண்டுக்கு ஐந்து தடவைக்கு மேல் நடத்துவதில்லை, தலைமுறைக்கு ஒருக்கால்தான். கடைசி விழா 2019இல், ஊர்ச் சந்தைச் சதுக்கத்தில் 20,000 பேர் இருக்கக்கூடிய அரங்கு கட்டி நடந்தது. சித்தப்பா அந்த மாதம் முழுக்க இரட்டை வேலை செய்தாராம். 2016இல் யுனெஸ்கோ இந்த விழாவையும் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

விழாவின் மூலக்கதை இதுதான். அங்கே ஒரு பழைய விவசாயச் சங்கம் இருக்கிறது. அதன் ஆட்கள் வருடத்தில் சில தடவை தோட்டம் தோட்டமாகப் போய்க் கொடிகள் எப்படிப் பராமரிக்கப்படுகின்றன என்று பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். காணிச் சொந்தக்காரனுக்கு இல்லை அந்தப் புள்ளி. அடுத்தவன் காணியில் வேலை செய்கிற தொழிலாளிக்கு. அதில் சிறந்து வந்தவர்களுக்குத் திருவிழாவில், அத்தனை ஆயிரம் சனத்துக்கு முன்னால், தலையில் முடி சூட்டுகிறார்கள். மற்ற ஆட்டம், பாட்டு, ஊர்வலம் எல்லாம் அந்த முடிசூட்டைச் சுற்றி வளர்ந்தவை. இதை வாசித்தபோது ஒரு யாழ்ப்பாணத் திருவிழாவைக் கற்பனை செய்து பார்த்தேன். ஊர் கூடி நிற்க, சீவல் தொழிலாளி ஒருவரைத் தேரடியில் மேடை ஏற்றித் தலையில் பரிவட்டம் கட்டுகிற மாதிரி. கற்பனை பாதியிலேயே நின்றுவிட்டது. என் மனமே நம்பவில்லை.

சரி, குடிக்கு வக்காலத்து வாங்குகிறாளா என்று கேட்பீர்கள். முதலில் கேட்டது அம்மாதான். கள்ளு என்ற சொல்லே அவவுக்கு ஆகாது. தவறணையில் கூலியை விட்டுவிட்டு வந்து வீட்டில் கை நீட்டின ஆம்பிளைகளை அவ சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறா. அந்தக் கோபத்தை நான் மறுக்க மாட்டேன். வைன் ஊர்களிலும் குடியால் அழிந்த குடும்பங்கள் இருக்கத்தான் செய்யும், பலகையில் எழுத மாட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அம்மப்பா குடிப்பதில்லை. குடித்தவர்களுக்குக் கிடைக்காத அவமானம் இறக்கினவருக்குக் கிடைத்தது. கள்ளின்மேல் இருக்கிற வெறுப்பு குடியின்மேல் மட்டுமென்றால், அதே வீட்டு விருந்தில் வெளிநாட்டு விஸ்கிப் போத்தலை ஷோகேசில் வைக்க மாட்டார்களே. நாங்கள் வெறுத்தது மதுவை இல்லை, ஆளை.

எங்களிடம் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1970களில் சீவல் தொழிலாளருக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. அதுக்கு முன் தவறணைக் குத்தகைக்காரரின் கையைப் பார்த்திருந்த சனத்துக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று அம்மம்மா இன்றைக்கும் சொல்லுவா. சங்கத்தால்தான் அம்மா படித்தா, மாமா படித்தார். 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வடமராட்சியில் திக்கம் வடிசாலை. பிறகு யுத்தம் வந்து பங்கருக்கும் காவலரணுக்கும் எத்தனை பனை விழுந்தது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். இன்றைக்குத் தொழிலில் மிஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் வயது போனவர்கள். மரத்தால் விழுந்து இடுப்பொடிந்து படுக்கையில் கிடப்பவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஏற மாட்டார்கள். ஏறவும் வேண்டாம். என் தம்பி ஏறப் போகிறேன் என்றால் நானே காலைப் பிடித்து இழுப்பேன்.

அப்படியென்றால் எனக்கு என்னதான் வேண்டும்? ஊர் பார்க்க வருகிற வெள்ளைக்காரருக்கு ஒரு கிழவரை மரத்தில் ஏற்றிப் படம் எடுக்க விடுகிற சுற்றுலா வேண்டாம். அது இப்போதே சில இடங்களில் மெல்லத் தொடங்கியிருக்கிறது, பார்க்க வயிறு எரிகிறது. லாவோவில் வடிவாக இருந்தது அந்த ஏற்பாடு இல்லை. ஒரு மனுசன் தன் பாட்டன் சேற்றுச் சப்பாத்தோடு நிற்கும் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, வந்தவனிடம் "உன்ர பாட்டன் என்ன செய்தவர்?" என்று கேட்க முடிகிறதே, அதுதான். பாதையும் பலகையும் ரெயினும் பிறகு வருகிற சாமான்கள். முதலில் அந்தக் கேள்வியைப் பயமில்லாமல் கேட்கவும் பயமில்லாமல் பதில் சொல்லவும் முடிய வேண்டும். அது இல்லாத ஊரில் எவ்வளவு வடிவான பனங்காணி இருந்தாலும் அது வெறும் படம்தான்.

வந்ததிலிருந்து ஒரு வேலை செய்கிறேன். சனி ஞாயிறுகளில் அம்மம்மாவிடம் இருந்து கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். கத்தி செய்த கொல்லர் எந்த ஊர், தளைநார் எதில் திரித்தது, எந்த மாதம் எந்தப் பாளை, மழை பெய்தால் என்ன செய்வது, அம்மப்பா ஏறின காணிகள் எவை, அந்த மரங்களுக்கு அவர் வைத்திருந்த பட்டப்பெயர்கள். ஒரு மரத்துக்குப் பெயர் 'கொதிக்காரி'. கிட்டப் போனாலே கருக்கால் கீறுமாம். அம்மப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று பின்னுக்குப் போனதில் இதுவரை நாலு பெயர் கிடைத்திருக்கிறது. நாலாவது பெயரில் அம்மம்மாவுக்குச் சந்தேகம், பக்கத்து வளவுக் கிழவி ஒருவவிடம் கேட்க வேண்டுமாம். இதையே இறுதி ஆண்டு ஆய்வாகச் செய்கிற யோசனையும் இருக்கிறது.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முதல் அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தா. அம்மப்பாவின் உள்ளங்கால் வருகிற இடத்தில் கொஞ்சம் நின்றா. பிறகு போனைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னா: "எல்லாம் சரி. ஆனா ஊரின்ர பேரைப் போடாத. தம்பிக்கு நாளைக்கு ஒரு கலியாணம் பேச வேணும்."

மேலே போய்ப் பாருங்கள். சென்-சஃபொரின், ரிவாஸ், எப்பேஸ், குய்யி, வெவே எல்லாம் இருக்கிறது. எங்கள் ஊரின் பெயரை நான் போடவில்லை.